சண்முகக்கனி உதிர்த்த வெள்ளை

சண்முகக்கனியின் படத்திலிருந்து உப்பு உதிரத் தொடங்கிய முதல் நாள் காலையில், அவள் மகன் தங்கராசு அதை விளக்குமாற்றால் கூட்டி அள்ளி வாசலுக்கு வெளியே வீசிவிட்டு, கைகூடக் கழுவாமல் எனக்கு போன் போட்டுக் கேட்டது, "ஏன்க்கா, பெயிண்ட்ல எதுவும் கலப்படமா?" என்பதுதான். தூத்துக்குடியில் உப்பு எங்கிருந்து வந்தாலும் யாரும் வாயைப் பிளப்பதில்லை. அது காற்றில் வருகிறது, சுவரில் பூக்கிறது, பூட்டைத் தின்கிறது, ஜன்னல் கம்பியை நாலு வருஷத்தில் ரஸ்க் மாதிரி உதிர்த்துப் போடுகிறது, அதனால் ஹாலில் மாட்டியிருக்கும் செத்துப்போன அம்மாவின் ஆயில் பெயிண்டிங் முகத்திலிருந்து ஒரு படி உப்பு உதிர்ந்து கிடந்தது என்பது அவருக்கு ஒரு சர்வீஸ் கம்ப்ளெயின்ட், அவ்வளவுதான். வாஷிங் மெஷின் ஒழுகினால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

நான் மெக்கானிக் இல்லை. மங்கையர்க்கரசி, ஐம்பத்து மூன்று வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி, காலையில் மூன்று அடுப்பும் மதியம் ஒரு கான்வாஸுமாக இருப்பவள். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கும் காலி கேஸ் சிலிண்டருக்கும் நடுவில், கான்வாஸைத் தாங்குகிற என் ஈசல் நிற்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு ஆயில் பெயிண்டிங் ஒத்துவராது என்று என்னைப் பார்த்துச் சொல்லாத ஆளில்லை. தப்பு. பொறுமை இல்லாதவளுக்குத்தான் அது லாயக்கு, ஏனென்றால் அது காய்ந்தே தொலையாது, காலையில் எடுத்த முடிவைச் சாயங்காலம் கத்தியால் சுரண்டி எறியலாம், திரும்பப் போடலாம், திரும்பச் சுரண்டலாம். வாட்டர் கலர்தான் பொறுமைசாலிகளுக்கானது, அது விழுந்தால் விழுந்ததுதான், கல்யாணம் மாதிரி.

எனக்கு ஆயில் பெயிண்டிங் கான்வென்ட்டில் வந்தது. சிஸ்டர் ஒடிலியாவின் மரப்பெட்டியில் பன்னிரண்டு டியூப் இருக்கும், அதில் ஒன்றின் மேல் ‘சதை நிறம்’ என்று எழுதியிருக்கும், திறந்தால் ரோஸ் மில்க்கில் பால் கூடிப்போன மாதிரி ஒரு நிறம் வரும். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அந்த நிறத்தில் ஒருத்தியும் கிடையாது. திருச்சூர்க்காரியான சிஸ்டரின் கழுத்துகூட அந்த நிறம் கிடையாது. அப்படியானால் இது யாருடைய சதை சிஸ்டர் என்று கேட்டதற்கு என்னை வராந்தாவில் முட்டி போட வைத்தார்கள். பதில் இன்றுவரை வரவில்லை, டியூப் மட்டும் கடையில் வந்துகொண்டே இருக்கிறது.

தங்கராசு சித்திரை மாதம் என் வீட்டுக்கு வந்தார். எட்டு லாரி வைத்திருக்கிறார், புது வீடு கட்டியிருக்கிறார், அவருடைய அம்மா சண்முகக்கனி தை மாதம் இறந்துபோயிருந்தாள். நாற்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரிய பெண். அவளுக்கு இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்த கட்டைவிரல் நகம் அளவு முகம்; அதைப் பெரிசாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரன் புகைமூட்டத்துக்குள் ஒரு மூக்குத்தியைத் தவிர வேறொன்றும் கொண்டுவர முடியாமல், "ஆயில்ல வரையச் சொல்லுங்கண்ணே" என்று என் விலாசத்தைக் கொடுத்துக் கைகழுவியிருந்தான்.

"பெரிசா வேணும்க்கா. ஹால்ல, நொழைஞ்சதும் தெரியுற மாதிரி. பட்டுச்சேலை, கையில ஆறு வளையல், கழுத்துல காசுமாலை."

"அவங்க காசுமாலை போடுவாங்களா?"

"இப்ப போட்டுக்கிடட்டும்க்கா."

அவருடைய மகளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், ஆவணி கடைசி வெள்ளியில் நிச்சயதார்த்தம். அந்த வீட்டாரிடம் தங்கராசு, நாங்கள் உப்பு பிசினஸ் குடும்பம் என்று சொல்லி வைத்திருந்தார். முழுப் பொய்யும் இல்லை.

முகத்தை அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், நிறத்தை எங்கிருந்து எடுப்பது? அம்மா ஜாடையில் யாராவது உண்டா என்று கேட்டேன். அவர் என் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி ஒருத்தி இருக்கா, இசக்கியம்மாள்னு, முள்ளக்காட்டுல. அவளுக்கு வேலை இருக்கும், வரமாட்டா," என்றார். வரமாட்டாள் என்று அண்ணன் சொன்ன தங்கச்சி, நான் ஆள் விட்டுச் சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, உப்பளத்து வேலை முடிந்து குளித்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு வந்து நின்றாள். நாற்பத்தாறு வயது இருக்கும். அதே மூக்கு, அதே தாடை. துவைக்கிற கல்லில் உட்காரச் சொன்னேன்.

"ஆடாம இருக்கணுமாக்கா?"

"ஆடாம இரு. பேசலாம்."

"எங்கம்மைய நீங்க பாத்திருக்கீயளா?"

"இல்ல."

"பாக்காமயா வரையப் போறீய?"

"அதுக்குத்தான உன்னயக் கூப்பிட்டிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அளத்துல பழைய ஆளுவ என்னயச் சண்முகக்கனின்னுதான் கூப்பிடுவாவ. நானும் திரும்பிப் பாப்பேன். என்னன்னு கேப்பேன். அவளுக்குச் சொல்ல வேண்டியத என்கிட்ட சொல்லுவாவ, அவ வாங்க வேண்டிய ஏச்சையும் நான்தான் வாங்குவேன்."

கறுத்த தோலை வரைவதற்கு டியூபிலிருந்து கறுப்பைப் பிதுக்குகிறவள் சோம்பேறி. கறுப்பு டியூப் தொட்ட இடத்தில் ஓட்டை போடும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்து தெரியும். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு இன்னொரு மோசடி, ஈரத்தில் ராஜா மாதிரி இருந்துவிட்டு, காய்ந்ததும் செங்கல் சூளை மண்ணாகிவிடும். நான் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பில் ஆரம்பித்து, அதற்குள் அல்ட்ராமரின் நீலத்தை மிளகு அளவு மிளகு அளவாக விட்டு, அது பச்சைக்குத் தாவும்போது கிரிம்சன் சிவப்பால் அதட்டி உட்கார வைத்து, இசக்கியின் நெற்றியைப் பார்த்தேன். நெற்றியில் வானத்தின் நீலம் கிடந்தது, கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய்க் காம்பை ஒட்டிய இடத்தின் ஊதா இருந்தது, கழுத்து மடிப்பில் புளியின் சிவப்பு இருந்தது, இவ்வளவையும் சேர்த்து ஒரே வார்த்தையில் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, எவ்வளவு அவசரம் நமக்கு என்று எனக்கே எரிச்சலாக வந்தது. நாலு மணி நேரத்தில் நெல்லிக்காய் அளவு நிறம் சேர்ந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு அரசி. ஆனா கறுப்பா இருக்கே."

"மழை நல்லாத்தான் பெய்யுது, ஆனா ஈரமா இருக்கேன்னு சொல்லுவீங்களா?"

டீயைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷர்.

படம் முடிந்து தங்கராசு பார்க்க வந்தபோது அதே பேச்சுதான், வேறு வார்த்தையில். "அம்மா இவ்வளவு கிடையாதுக்கா. கொஞ்சம் கலராத்தான் இருப்பாக." எங்கள் ஊரில் கலர் என்றால் வெளுப்பு, பிள்ளை கலராகப் பிறந்திருக்கிறது என்றால் வெள்ளையாகப் பிறந்திருக்கிறது என்று அர்த்தம், மீதிப் பேருக்கெல்லாம் கலரே கிடையாது. அவர் சொல்லச் சொல்ல நான் டைட்டானியம் ஒயிட்டைக் கலந்தேன், இன்னும் கொஞ்சம் என்றார், கலந்தேன், கன்னத்தில் இன்னும் கொஞ்சம் என்றார், கலந்தேன், ஐந்தாவது தடவை சண்முகக்கனி வெயிலையே பார்த்திராத ஒரு வங்கி மேலாளர் வீட்டு அம்மாள் ஆகிவிட்டாள். யாரும் என் கையை முறுக்கவில்லை. ஒரு வீட்டின் ஹாலில், நுழைகிற இடத்தில், நான் வரைந்த படம் தொங்கும் என்கிற ஆசை. அதுவரை என் படங்கள் தொங்கிய ஒரே இடம் என் நாத்தனார் வீட்டில் பாத்ரூமுக்குப் போகும் வழி.

ஆனி மாதம் படத்தை மாட்டினார்கள். மூன்றாம் நாள் உப்பு உதிர்ந்தது.

அதை வாசலில் வீசியதுதான் தங்கராசு செய்த தப்பு. எதிர்வீட்டு ஆவுடைத்தாய் பால் வாங்கப் போகிறவள், காலில் நறநறவென்று மிதிபட்டதைக் குனிந்து எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மகாலட்சுமிய நடுத்தெருவுல மிதிக்க விட்டிருக்கீயளே, மகளுக்கு நல்லது நடக்கப்போற வீடாய்யா இது?" என்று தெரு முழுவதும் கேட்கும்படி சத்தம் போட்டாள். உப்பை மிதிக்கக் கூடாது, சாக்கடையில் கொட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் மீறாமல் தினமும் காலையில் வருகிற ஒரு படி உப்பை என்ன செய்ய முடியும்? வெயில் இருக்கும்போதே கொடுத்துத் தீர்க்கத்தான் முடியும். அப்படித்தான் தெருவுக்குள் சண்முகக்கனி போனாள்.

முதலில் ஆவுடைத்தாய் சாம்பாரில் போட்டாள், நன்றாக இருந்தது. அடுத்த வீட்டில் மோரில் போட்டார்கள், அதைவிட நன்றாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு படி மரக்காலாகி, திரேஸ்புரத்திலிருந்து கருவாட்டுக்காரிகள் கூடையோடு வந்து, இந்த உப்பில் போட்ட நெத்திலிக்குப் புழு வைப்பதில்லை என்று சொல்லி அள்ளிப்போனார்கள். மரு உதிர வேண்டும் என்று மாரியம்மன் கோவிலில் உப்பு கொட்டுகிறவர்கள் கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டு இங்கே வந்தார்கள், அந்தோணியார் கெபிக்குக் காணிக்கையாக உப்பும் மிளகும் போடுகிறவர்கள் மிளகை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தங்கராசின் மனைவி ஹாலில் படத்துக்கு நேர் கீழே ஒரு அலுமினிய அண்டாவை வைத்து, ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் வந்தால்தான் கிடைக்கும், எங்களுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். யாரும் மேலே நிமிர்ந்து படத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போகிறவள் கிணற்றின் முகத்தையா பார்க்கிறாள்?

ஒருநாள் சுகாதார ஆள் ஒருவர் நோட்டோடு வந்து, உப்பைச் சோதித்துவிட்டு, என்னைத்தான் வரச் சொன்னார்.

"சாப்பாட்டு உப்புல அயோடின் இருக்கணும் மேடம். இதுல இல்ல. படத்துலயே சேர்க்க வழி இருக்கா?"

"சேலை பார்டர்ல வேணா கலந்து பாக்கலாம் சார். ஆனா அங்கேருந்து உப்பு வரதில்ல, முகத்துலேருந்துதான் வருது."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

முகத்திலிருந்து மட்டும்தான் வந்தது. அதை நான் ஒருத்திதான் கவனித்தேன். சேலைக் கரையில் அவ்வளவு வெள்ளை போட்டிருந்தேன், அது அசையவில்லை, தோலுக்குள் நான் கலந்த வெள்ளைதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஆடி பிறக்கும்போது உப்பு நின்றது. போய்ப் பார்த்தேன், கன்னத்தில் அந்த நெல்லிக்காய் அளவு நிறம், நான் இசக்கியைப் பார்த்துச் சேர்த்த அதே நிறம், ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, தங்கராசுக்கு இல்லை. படத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

இரண்டாவது தடவை, வீம்புக்கு, அந்தச் சதை நிற டியூப்பையே வாங்கி வந்து பூசினேன். அடுத்த வாரம் உதிர்ந்த உப்பு லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. அது இந்துப்பு என்று யாரோ சொல்ல, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது என்று இன்னொருவர் சொல்ல, காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற ஓய்வு பெற்ற ஆசாமிகள் ஷூ காலோடு தங்கராசு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டே வாரத்தில் சண்முகக்கனி ரோஸையும் துடைத்துப் போட்டுவிட்டுத் தன் நிறத்துக்கு வந்தாள். படம் மூன்றாவது தடவையாக என் ஈசலுக்கு வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

"இந்தத் தடவ நல்லா அழுத்தமா போட்ருங்கக்கா. வெள்ளிக்கிழம ஒரு நாள் தாங்கினாப் போதும்," என்றார் தங்கராசு.

அவர் போனதும் ஆவுடைத்தாய் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஏ அரசியக்கா, வெள்ளையக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க. எலுமிச்ச ஊறுகா போடணும், இவ வீட்டுல நார்த்தங்காயும் இருக்கு."

"உங்க ஊறுகாய்க்கு நான் ஒரு பொம்பளைய வெள்ளையடிக்கணுமா?"

"செத்தவுகளுக்கு என்னக்கா, அவுக என்ன கேக்கவா போறாக. நாலு பேருக்கு ஆகுதுல்லா." அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு ஊறுகாய் போட வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் இசக்கியம்மாள் வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி உப்பை அவிழ்த்து என் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள்.

"இது எங்க பாத்தி உப்பு."

"இது உங்க அண்ணன் வீட்டு ஹால்ல விழுந்தது."

"எங்க விழுந்தா என்ன, உங்க வீட்டு ரசம் உங்களுக்குத் தெரியாதா? நாக்குல வச்சா கடேசில லேசாக் கைக்கும், பாருங்க. அது கிழக்குப் பாத்தி. எங்கம்ம வாருன பாத்தி, இப்ப நான் வாருதேன்." கல்லில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். "அண்ணன் வீட்டுல வெள்ளிக்கிழம நிச்சயமாம். உப்பு வாங்கப் போனவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"உனக்குச் சொல்லலியா?"

"போன் போட்டுக் கேட்டேன். எல்லாரும் போவட்டும், சாயங்காலமா வா, ஒனக்குத் தனியா எல போடுதேன்னான்."

பெண்ணுக்கு அத்தைதான் முதல் பூ வைக்க வேண்டும். அத்தை இல்லாத வீட்டில் வேறு யாராவது வைப்பார்கள்; அத்தை இருக்கிற வீட்டில் வேறொருத்தி வைத்தால், அந்த அத்தை அந்த வீட்டுக்கு இல்லை என்று அர்த்தம், பிறகு வளைகாப்புக்கும் இல்லை, பேர் வைப்பதற்கும் இல்லை, அண்ணன் செத்தால் அழுவதற்கும் இல்லை. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

"அவனச் சொல்லிக் குத்தமில்லக்கா," என்றாள். "செவுத்துல எங்கம்ம வெள்ளக்காரி கணக்கா இருக்கும்போது, நான் கீழ போயி நின்னா என்னய யாருன்னு சொல்லுவான்?"

படத்தைத் திருப்பி வைத்திருந்தேன். திருப்பிக் காட்டினேன். அப்போது அதில் வெள்ளை எதுவும் மிச்சமில்லை. இசக்கி வெகுநேரம் பார்த்தாள், எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள், பின்னால் வந்து பார்த்தாள், நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"வெளிச்சம் தப்பா விழுதுக்கா."

"என்ன தப்பு?"

"மேலேருந்து விழுது. எங்கம்ம முகத்துல வெளிச்சம் மேலேருந்து விழாது. கீழேருந்துல்லா ஏறும். காலுக்கடியில பூரா உப்பு வெள்ளையாக் கெடக்கும், வெயிலு அதுல அடிச்சு தாடைக்கும் மூக்குக்கும் ஏறும், அதான் கண்ணு கெட்டுப்போவும்."

எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால். நாலு மாதமாக நான் சண்முகக்கனிக்கு ஸ்டுடியோ விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் கிடந்த இரட்டைக் கட்டில் வெள்ளை விரிப்பை உருவி முற்றத்தில் உச்சிவெயிலில் விரித்து, அதன் நடுவில் இசக்கியை நிற்க வைத்தேன். கீழிருந்து வெளிச்சம் ஏறியது. தாடையின் அடியில், மூக்கு ஓட்டையின் விளிம்பில், புருவ எலும்பின் கீழ்ப்பக்கம், மேல் உதட்டின் அடியில், வெள்ளிக்கோடு மாதிரி வெளிச்சம் ஒட்டிக்கொண்டது. மற்ற இடமெல்லாம் வெளுக்கவில்லை, அதற்கு எதிராக முன்னைவிட ஆழமாக, நீலமும் சிவப்பும் உள்ளுக்குள் வேலை செய்கிற கறுப்பாக எழும்பி நின்றது. வெள்ளை அந்த முகத்தை விட்டுப் போனது அடம்பிடித்து இல்லை, அதை நான் மோரில் தண்ணீர் மாதிரி உள்ளே கலந்தேன், அது கலக்கிற ஜாதி இல்லை, பக்கத்தில் நிற்கிற ஜாதி; அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் என் வேலை, எவ்வளவு ஊற்றுவது என்பது இல்லை.

கத்தியை எடுத்து முகம் முழுவதையும் சுரண்டினேன். என் நெல்லிக்காய் நிறமும் அதோடு போயிற்று. போகட்டும், கை இருக்கிறது, திரும்பக் கலக்கும்.

நாலு நாள் வீட்டில் தயிர்சாதமும் அப்பளமும்தான். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர், "தங்கராசு வெள்ளையத்தான கேட்டாரு?" என்றார். "போட்டிருக்கேன், நல்லாப் பாருங்க," என்றேன். பார்த்தார். டீ ஆறும் வரை பார்த்தார். பட்டுச்சேலையையும் காசுமாலையையும் நான் தொடவில்லை. அவள் கட்டாத சேலைதான், மகன் ஆசைப்பட்டுக் கட்டிவிட்டான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் படம் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. ஈரக் கான்வாஸை ஒருத்தியாகத் தூக்க முடியாது, சேலையில் பட்டுத் தொலைக்கும், ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்தால்தான் உண்டு. மறுபக்கம் பிடிக்க இசக்கியம்மாளை வரச் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் சும்மாதான் இருந்தார், அவரைக் கூப்பிடவில்லை. அவள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இரண்டு பேரும் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனபோது, ஆவுடைத்தாய் காலிப் பாத்திரத்தோடு வந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், முதல்முறையாக.

"உப்பு?"

"இனிமே வராது."

"வயித்துல அடிச்சிட்டீயளே அக்கா," என்றாள், ஆனால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தாள்.

தங்கராசு பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தவர், படத்தைப் பார்த்தார், மறுபக்கத்தைப் பிடித்திருந்த தங்கச்சியைப் பார்த்தார், அவருடைய முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கி அவரே கேட்டபடி வெளுத்துப்போனார். ஆனால் ஆணி காலியாக இருந்தது, சுவரில் நாலடிக்கு மூன்றடி வெறும் இடம் தெரிந்தது, விருதுநகர் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. மாட்டினோம்.

"ஒரு துண்டப் போட்டாவது மூடுங்கக்கா," என்றார் மெதுவாக.

"ஈரமா இருக்கு. துண்டு ஒட்டிக்கிடும். எடுக்கும்போது உங்க அம்மா முகம் துண்டோட வரும். பரவாயில்லையா?"

மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, முழங்கால் வலிக்காரி, நாற்காலி கேட்டு வாங்கி, படத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்தபடியே படத்தைப் பார்த்தாள். அந்த ஹாலின் வெள்ளைச் சலவைக்கல் தரையில் ஜன்னல் வெயில் கிடந்தது, வாசல் நிலையை ஒட்டி இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள், தரையிலிருந்து ஏறிய வெளிச்சம் அவள் தாடையில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வாசலைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்ப வாசலைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி, அது யாரு?" என்று படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"எங்கம்மா."

"அப்ப இது?"

இருபது பேரும் வாசலைப் பார்த்தார்கள், இருபது பேரும் படத்தைப் பார்த்தார்கள். வேலைக்காரி என்று சொல்லியிருக்கலாம், படம் தூக்கி வந்த பெண் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட, தங்கராசு சுவரில் ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்த அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அந்தப் படம் வந்து இத்தனை மாதத்தில் அவர் அதை அண்ணாந்து பார்த்து நான் கண்டது அப்போதுதான், பிறகு, "என் தங்கச்சி. இசக்கி," என்றார்.

"பொண்ணோட அத்தையவா வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க? நல்ல நேரம் முடிய இருபது நிமிஷந்தான் இருக்கு. வாங்கம்மா, வந்து பூவ வைங்க, பிறகு பேசிக்கிடலாம்."

அந்த அம்மாளுக்குப் பெரிய மனசு என்று பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, அவளுக்கு முழங்கால் வலி, சீக்கிரம் முடிய வேண்டும். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இசக்கியம்மாள் உள்ளே வந்தாள். தாம்பாளத்திலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள், அண்ணன் மகளின் தலையில் வைத்தாள், ஹேர்பின் சரியாகக் குத்தவில்லை, "ஏட்டி, ஆடாம இரேன்," என்று அவள் மண்டையில் லேசாக ஒரு தட்டுத் தட்டி இன்னொரு தடவை குத்தினாள். பிறகு யாரும் எதிர்பார்க்காமல் நேராகச் சுவருக்குப் போய், எட்டி, அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"ஈரம்!" என்று கத்தினேன். கத்தியது பிரயோஜனமில்லை, கன்னத்தில் மூன்று விரல் பதிந்துவிட்டது. இந்தக் கையோடு போய் எல்லார் சேலையிலும் தடவி வைப்பாள் என்று, அவளை ஜன்னலோரம் இழுத்துவந்து, இடுப்பில் செருகியிருந்த டர்பன்டைன் துணியை எடுத்து, விரலை நீட்டு என்றேன். நீட்டினாள். எது பெயிண்ட், எது தோல் என்று சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுவிரலைத் துடைத்தேன்.

"அது இல்லக்கா," என்றாள்.

"பின்ன எது?"

அவளும் குனிந்து தன் கையைப் பார்த்தாள், உள்ளங்கைப் பக்கம், புறங்கைப் பக்கம், ஜன்னல் பக்கம் தூக்கி, இறக்கிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலியே," என்றாள்.